பதினொன்றுக்கு ஒன்பது

ஞாயிறு, இரவு

ஐந்து நாளுக்கும் பாடத்திட்டம் எழுதி முடித்தாயிற்று. தமிழ்மொழி, கணிதம், அறிவியல், நன்னெறிக் கல்வி, காட்சிக்கலை என்று ஒவ்வொன்றுக்கும் கற்றல் தரம், பாட நோக்கம், நடவடிக்கைக் கட்டங்கள். எல்லாம் நிரம்பிவிட்டன. அடியில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். 'சிந்தனை மீட்சி' என்று பெயர். பாடம் நடந்த பிறகு நிரப்ப வேண்டியது. மற்றவர்கள் கணினியில் தட்டுகிறார்கள். நான் இன்னும் பேனாதான். ஓய்வுபெற நான்கு ஆண்டு இருக்கிற ஆளை மாற்ற வேண்டாமென்று தலைமையாசிரியர் விட்டுவிட்டார்.

மலேசியாவிலேயே தமிழ்ப்பள்ளிகள் அதிகமுள்ள மாநிலம் எங்கள் பேராதான். 130க்கும் மேல். அத்தனை பள்ளியிலும் இந்தக் கட்டத்துக்குள் விழுவது ஏறக்குறைய ஒரே வாக்கியம்: இத்தனை மாணவர்களில் இத்தனை பேர் பாட நோக்கத்தை அடைந்தனர், எஞ்சியவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது. என் முதலாம் ஆண்டில் பதினொரு பிள்ளைகள். பெரும்பாலும் ஒன்பது பேர் அடைந்துவிடுவார்கள். எண்ணில் எழுதினால் நியூயார்க் நினைவு வந்து தொலைக்கிறது, அதனால் எழுத்திலேயே எழுதுகிறேன். பதினொன்றுக்கு ஒன்பது.

எஞ்சிய இருவருக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதாது. இந்த நோட்டுப் புத்தகத்தை அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். எப்போதும் அதே இருவர் என்றும் சொல்ல முடியாது. கணிதத்தில் ஒருவர், தமிழில் ஒருவர், மழை நாளில் வேறு ஒருவர்.

நான் குடியிருக்கும் புந்தோங்கில் ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு ஒரு வாடை உண்டு. பக்கத்துச் சந்தில் கச்சாங் பூத்தேக்கு மாவு பிழிந்து எண்ணெயில் போடுகிறார்கள். சன்னலைச் சாத்தினாலும் வரும். பாடத்திட்டத் தாளிலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

திங்கள்

ஆறே காலுக்குக் கிளம்பினால் இருட்டு. செமோர் தாண்டும்போது சுண்ணாம்புக் குன்றுகள் இருட்டைவிடக் கறுப்பாக நிற்கும். சுங்கை சிப்புட் நெருங்கும்போதுதான் மெல்ல வெளுக்கும். இந்த அரை மணி நேரத்தில் வானொலி போடுவதில்லை என்று பல வருடங்களுக்கு முன் முடிவெடுத்தேன். வகுப்பறைக்குள் போனால் அடுத்த அமைதி மதியம் ஒன்றரைக்குத்தான்.

பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது, சுற்றிலும் இல்லை. கித்தா, அதாவது ரப்பர், போய்ச் செம்பனை வந்தது. செம்பனையிலும் பாதி போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயன் வீடுகள் நின்ற வரிசையில் இப்போது மோட்டார் கழுவும் கடை. பள்ளி வேலிக்குப் பின்னால் யாரோ ஒரு தவுக்கேயின் சிறு துண்டு நிலம் மட்டும் கித்தா மரங்களோடு தப்பியிருக்கிறது. வெட்டுவார் இல்லாமல் மரங்கள் பழைய காயங்களோடு பருத்து நிற்கின்றன.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். நிர்வாகங்கள் சட்டத்தை எழுத்தளவில் மதித்தன. கோயில் தாழ்வாரம், ஆயா கொட்டகையின் ஓரம், கங்காணி வீட்டுத் திண்ணை என்று கிடைத்த இடமெல்லாம் பள்ளிக்கூடம். படிக்கத் தெரிந்த கிராணி வாத்தியார் ஆனார். காலையில் பிரட்டில் பெயர் கூப்பிட்டவரே பிறகு பிள்ளைகளின் பெயரையும் கூப்பிட்டார். அந்தப் பத்து என்ற எண் இப்போதெல்லாம் என் காதில் வேறு மாதிரி விழுகிறது. என் வகுப்பில் பதினொன்று. சட்டத்தை ஒரு பிள்ளையால் தாண்டி நிற்கிறோம்.

1957இல் நாட்டில் 800க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள். இன்று 520க்குச் சற்று மேல். 150 பேருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று தனிப் பட்டியல். நாங்கள் அதில் வெகு நாளாக இருக்கிறோம். ஆசிரியர் அறையில் இந்தக் கணக்குப் பேச்சு வந்தால் நான் எழுந்து வகுப்புக்குப் போய்விடுவேன். அங்கே பதினொன்று என்பது நிறைய. பதினொரு தண்ணீர்ப் புட்டிகள், பதினொரு பை, காலணி மாறிப் போட்ட இருபத்திரண்டு கால்.

சபைகூடலில் முதலாம் ஆண்டு முன்வரிசை. நெகாராக்கூ, பிறகு மாநிலப் பாடல், பிறகு ருக்குன் நெகாரா. 1970இல் வந்த அந்த உறுதிமொழியை இந்த நாட்டுப் பள்ளிகள் சொல்லி வருகின்றன. நானும் சொன்னவள்தான். சன்னலோரத்தில் உட்காரும் பையன் வலது கையை உயர்த்தி ஐந்து கோட்பாட்டையும் மலாயில் ஒரு சொல் தப்பாமல் சொல்கிறான். அவனுக்குத் தமிழில் 'ப'வும் 'ம'வும் இன்னும் பிடிபடவில்லை. மலாய் எழுத்திலும் அப்படித்தான். காது வழியாக நுழைந்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறது. கண் வழியாகப் போனது எதுவும் தங்குவதில்லை.

ஆத்திசூடியும் அவனுக்கு முழுசாக வரும். பாட்டுப் போலச் சொல்வான். அட்டையில் எழுதிக் காட்டினால் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் என்ன இருக்கிறதென்று பார்ப்பான். பின்பக்கம் பிஸ்கட் படம். பிஸ்கட் பெட்டியை வெட்டி அட்டை செய்தது என் தப்பு.

செவ்வாய்

கணிதம். பணம். முதலாம் ஆண்டில் பத்து வெள்ளி வரைதான். பாடநூலில் ரிங்கிட், சென். பிள்ளைகள் வாயில் வெள்ளி, காசு.

மேசைகளை ஒதுக்கிக் கடை வைத்தோம். பென்சில், அழிப்பான், காலி மைலோ டப்பா, பொம்மைப் பூனை. விலைச் சீட்டு ஒட்டினேன். தாளில் அச்சிட்ட நோட்டும் அட்டையில் வெட்டிய காசும் பங்கு வைத்தேன். சன்னலோரத்துப் பையன் தன் பங்கை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது பொய்க் காசு" என்று திருப்பிக் கொடுத்தான்.

அவன் வீட்டில் பாட்டிதான் எல்லாம். பாட்டி வாரத்தில் மூன்று நாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை போடுகிறார். இவன் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சில்லறை கொடுப்பான். நானே ஒருநாள் ஆறு வடை வாங்கினேன். ஆசிரியரென்று ஒரு வடை கூடப் போட்டார் பாட்டி. பையன் என்னைத் தெரியாதவன் போல மீதியை எண்ணி நீட்டினான்.

என் கைப்பையிலிருந்து நிசக் காசை எடுத்து மேசையில் கொட்டினேன். இப்படிச் செய்யக்கூடாதென்று தெரியும், தொலைந்தால் என் தலைவலி. அன்றைய பாடம் முழு வெள்ளியோடு நின்றது: ஏழு வெள்ளிப் பூனைக்குப் பத்து வெள்ளி கொடுத்தால் மீதி எவ்வளவு. ஒன்பது பேர் விரலை மடக்கிப் பத்திலிருந்து ஏழைக் கழித்தார்கள். மைலோ டப்பாவில் போன வாரத்து விலைச் சீட்டை நான் கிழிக்க மறந்திருந்தேன். மூன்று வெள்ளி நாற்பது காசு. ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு பத்து வெள்ளி நோட்டை நீட்டினாள். 'அது இன்றைக்கு வேண்டாம்மா' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் ஐம்பது காசும் பத்துக் காசும் எடுத்து வைத்து, "நாலு" என்றான். ஒரு வெள்ளி வைத்து, "அஞ்சு." ஐந்து வெள்ளி நோட்டை மேலே போட்டு, "பத்து." டப்பாவைப் பைக்குள் போட்டுக் கொடுத்தான். கழிக்கவேயில்லை. விலையிலிருந்து மேலே ஏறி, கொடுத்த பணத்தைப் போய்த் தொட்டுவிட்டான். உலகத்தில் எல்லாக் கடைக்காரரும் அப்படித்தான் மீதி தருகிறார்கள். பள்ளிக்கூடம்தான் மேலிருந்து கீழே இறங்கச் சொல்லிக் கொடுக்கிறது.

பூனைக் கணக்கைத் தாளில் கொடுத்தேன். பத்து, கழித்தல் குறி, ஏழு, சமன் குறி. ரொம்ப நேரம் பார்த்தான். குறியின் மேல் பென்சிலால் இன்னொரு கோடு போட்டுக் கூட்டல் ஆக்கினான். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தவும் தோன்றவில்லை, பாராட்டவும் தோன்றவில்லை. அவன் பண்ணினது கூட்டல்தானே.

கட்டத்தில் எழுதினேன்: பதினொன்றுக்கு ஒன்பது. தாளை வைத்துத்தான் எண்ண வேண்டும். மேசையை வைத்து எண்ணினால் பதினொன்றுக்கு ஒன்று, அந்த ஒன்றும் இவன்.

முதலாம் ஆண்டுக்குத் தேர்வு இல்லாத காலம் இது. தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வு 1988இல் வந்து 2021இல் போய்விட்டது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டிறுதிச் சோதனை 2019லேயே நின்றது. நல்லது என்றுதான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆறு வயது முடிந்த பிள்ளைக்கு மதிப்பெண் எதற்கு. ஆனால் எண் சும்மா போகாது. வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. பிள்ளையின் முதுகிலிருந்து இறங்கி ஆசிரியரின் பதிவேட்டில் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். என்ன, இது பிள்ளைக்கு வலிக்காது.

புதன்

நன்னெறிப் பாடத்தின் நடுவில் ஒரு பல் விழுந்தது. பின்வரிசைப் பையனுடையது. பாடம் நின்றது. பத்துப் பேரும் சுற்றி நின்று பல்லைப் பார்த்தார்கள். யாருடையது ஆடுகிறதென்று வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார்கள். பல்லை மெல்லிழைத்தாளில் சுற்றி அவன் சட்டைப்பையில் வைத்தேன். கூரை மேல் போட வேண்டும் என்றான் ஒருவன். எங்க வீடு பிளாட், பதினோராவது மாடி என்றான் பல்லுக்காரன். இந்தச் சிக்கலை யாராலும் தீர்க்க முடியவில்லை.

மதியம் இடி மழை. புறப்பாடம் ரத்து. வேறொன்றும் எழுத இல்லை.

வியாழன்

ஆகஸ்டு வந்தால் கித்தாக் காய் வெடிக்கும். வெயில் ஏறின பிறகு வேலிக்குப் பின்னால் டப், டப் என்று சத்தம். காய் மூன்றாகப் பிளந்து கொட்டையைத் தூர எறியும். தகரக் கூரையில் விழுந்து உருளும் சத்தம் எங்கள் காலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. யாரோ கல் எறிகிறார்கள் என்று ஒரு பெண் புகார் சொன்னாள்.

அறிவியலில் இந்த வாரம் தாவரத்தின் பாகங்கள். வேர், தண்டு, இலை, பூ. பாடநூலில் செம்பருத்தி. புத்தகத்தை மூடிவிட்டு வரிசை கட்டி வேலியோரம் கூட்டிப்போனேன். ஆளுக்கு ஒரு கொட்டை பொறுக்கச் சொன்னேன். சாம்பலும் காப்பி நிறமுமாகப் புள்ளி போட்ட கொட்டை, ஒன்று போல ஒன்று இராது. சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தோழியின் கையில் சூடு வைக்கிற விளையாட்டை நான் சொல்லித் தரவில்லை. இருந்தும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த அறிவு எங்கிருந்து வருகிறதோ.

இந்தக் கொட்டையில்தான் இந்த ஊர் முளைத்தது என்று சொல்ல ஆசை. ஏழு வயதுக்கு அது எட்டாது. இங்கே எழுதி வைக்கிறேன். 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனவை ஏறக்குறைய 70,000 கொட்டைகள். முளைத்தவை 3,000கூட இல்லை. கித்தாக் கொட்டைக்கு உயிர் கொஞ்ச நாள்தான், எண்ணெய்ப் பசை அதிகம், கப்பல் பயணம் தாங்காது. மறுவருடம் கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து, ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டு நிற்கிறது, எங்கள் பள்ளியிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. என் பாட்டன் சேலத்துப் பக்கமிருந்து கப்பலேறியதும் என் அம்மா விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனதும் இதனால்தான். கியூ தோட்டத்துக்காரர் சிந்தனை மீட்சி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார். நூற்றுக்கு நான்கு நோக்கத்தை அடைந்தன, எஞ்சியவற்றுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது.

வகுப்புக்குத் திரும்பி வெண்பலகையில் செடி வரைந்தேன். பாகங்களின் பெயரை ஒவ்வொருவராக வந்து எழுத வேண்டும். ரெட்டைச் சடைக்காரிக்கு 'இலை'. என் வகுப்பில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் அவள். மைப்பேனாவை இறுக்கிப் பிடித்து 'இ' போட்டாள். அடுத்த எழுத்துக்கு ஏதோ புதிதாக ஆரம்பித்தாள். லகரத்துக்கு முன்னால் ஒரு சுழி கிளம்பி, தலைக்கு மேல் வளைந்து ஏறி, தும்பிக்கை தூக்கின மாதிரி நின்றது.

எனக்குக் கை கால் ஓடவில்லை.

பழைய லை. நான் அந்த எழுத்தை எழுதி நாற்பது வருடம் இருக்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது மாறிய பதின்மூன்று எழுத்துகளில் அதுவும் ஒன்று. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை இறக்கி வைத்தன. பெரியார் தம் பத்திரிகைகளில் 1935லேயே செய்து காட்டியதை அரசு ஏற்க நாற்பத்து மூன்று வருடம் ஆயிற்று. பிறகு எங்கள் பாடநூல்களுக்கும் வந்தது. என் தம்பி பள்ளிக்குப் போகும்போது அவன் புத்தகத்தில் புது எழுத்து. நான் 1977இல் ஒன்றாம் வகுப்பில் படித்தது பழையது.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"

"பாட்டி. பாட்டிதான் வீட்டுப்பாடம் பார்ப்பாங்க."

பாட்டிக்கு மூன்றாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்று நிறுத்திவிட்டார்களாம். இதைப் பாட்டி என்னிடமே சொல்லியிருக்கிறார், அறிக்கை அட்டை வாங்க வந்த அன்று, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. ஐம்பது வருடமாக உள்ளே வைத்திருந்த மூன்றாம் வகுப்பை எடுத்துப் பேத்திக்குக் கொடுத்திருக்கிறார். அதைத் தப்பு என்று எப்படிச் சிவப்பு மையில் போடுவது? சரி என்றும் எப்படி விடுவது?

என்னை ஒன்றாம் வகுப்பில் 'ண'வுக்கும் 'ன'வுக்கும் ரோத்தானால் அடித்தவர் இருந்தார். மூன்று சுழி என்றால் மூன்று அடி, இரண்டு சுழி என்றால் இரண்டு. அந்தக் கணக்கு இன்றும் மறக்கவில்லை, எழுத்தும் பிழைக்கவில்லை. அதை வைத்து ரோத்தானுக்கு நன்றி சொல்கிறவர்கள் என் வயதில் நிறையப் பேர். நான் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதே அடியில் பள்ளிக்கு வருவதையே நிறுத்தினாள், பதின்மூன்று வயதில் அம்மாவோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போனாள். அடித்தவர் மேல் கோபமும் இல்லை. ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நின்ற மனிதர்.

ஒன்றும் சொல்லாமல் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் புது லையை எழுதினேன். "இது பாட்டி எழுத்து. இது புத்தகத்து எழுத்து. ரெண்டும் ஒரே சத்தம். பள்ளிக்கூடத்துல புத்தகத்து எழுத்து எழுதுவோம்." ஒன்பது பேருக்கு அது போதும். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்கள்.

சன்னலோரத்துப் பையன் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்தான். கூப்பிடாமல் அவன் எழுந்து வந்தது இந்த ஆண்டில் அதுதான் முதல் தடவை. பாட்டி எழுத்தின் சுழியில் விரலை வைத்தான். மேலே ஏறினான், வளைந்தான், லகரத்துக்குள் இறங்கினான். கை விரலில் மை ஒட்டிக்கொண்டது.

"ஆனை" என்றான்.

"இல்லப்பா, லை."

"ஆனை லை" என்றான் அவன்.

வெள்ளி

காலையில் ரெட்டைச் சடைக்காரி பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினாள். பாட்டி கொடுத்துவிட்டார்களாம். பிரித்தால் மங்கு. வெள்ளைப் பீங்கான் மங்கு, மரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டுப் பால் பிடிப்பது. விளிம்பில் ஓர் இடத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. உள்ளே அடியில் காய்ந்த பாலின் பழுப்பு வளையம், நகத்தால் சுரண்டினாலும் வராது. வீட்டில் சாமி மாடத்தில் சில்லறை போட வைத்திருந்ததாம். பேத்தி போய்க் கித்தாக் கொட்டைக் கதை சொன்னதும் சில்லறையைக் கொட்டிவிட்டுக் கொடுத்திருக்கிறார்.

மூக்கருகே கொண்டுபோனேன். வாசனை எதுவும் இல்லை. என்ன எதிர்பார்த்தேன் என்றும் தெரியவில்லை. புளித்த பால் வாடை என் அம்மாவின் சட்டையில் இருந்தது, மங்கில் அல்ல.

பிள்ளைகளிடம் கொடுத்து இது என்னவென்று கேட்டேன். ஐஸ்கிரீம் கப் என்றார்கள். தொப்பி என்று ஒருவன் பொம்மைப் பூனையின் தலையில் வைத்துப் பார்த்தான். அதில் மண் போட்டுக் கொட்டையை ஊன்றலாமென்று முடிவாயிற்று. அடியில் ஓட்டை இல்லை, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், துளி விட்டால் போதும் என்று சொன்னேன். எத்தனை நாளில் முளைக்கும் என்று கேட்டார்கள். இரண்டு வாரம், மூன்று வாரம், முளைக்காமலும் போகலாம். முளைக்காமல் போகலாம் என்பதை அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தமிழ்ப் பாடத்தில் சொல்வதெழுதுதல். ஐந்து சொல். அவன் தாளில் மூன்று வெற்றிடம், ஒன்று யாருக்கும் விளங்காத கிறுக்கல், ஐந்தாவது இடத்தில் ஒரு யானை லை. நான் சொன்ன ஐந்தாவது சொல் 'மலை'. மகரம் இல்லை. சன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை தெரிகிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் எழுதினான்.

ஏழு மாதம் அட்டை, பாட்டு, மணல் தட்டு, மாவு உருண்டை எல்லாம் வைத்துக் கூப்பிட்டேன், ஓர் எழுத்தும் வரவில்லை. வந்தது இது. பாடநூலில் இல்லாதது, என் கைபேசியில் தட்ட வழியில்லாதது, இன்னும் இருபது வருடம் போனால் எழுதிக் காட்ட ஆளே இல்லாதது. ஒன்று உள்ளே போய்விட்டதே, இனி மற்றது வரும் என்று மனசு சந்தோசப்படுகிறது. அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை என்று முப்பத்தோரு வருடச் சர்வீஸ் சொல்கிறது. இரண்டையும் கேட்டுக்கொண்டு தாளில் எந்த அடையாளமும் போடாமல் வைத்துவிட்டேன்.

பள்ளி விடும் நேரத்தில் பிரச்சனை வந்தது. சனி, ஞாயிறு மங்குக்கு யார் தண்ணீர் விடுவது? மங்கு என் பாட்டியுடையது என்றாள் ரெட்டைச் சடைக்காரி. கொட்டை நான் பொறுக்கினது என்றான் பல் விழுந்தவன். சன்னலோரத்துப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. போய் மங்கை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "திங்கக்கெழம கொண்டு வந்துடணும்" என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள், சரியாக அவள் பாட்டி மாதிரி.

வேனில் ஏற இரண்டு கையும் வேண்டும். அவனுக்கு இரண்டும் இல்லை. வேன்காரர் தூக்கி உட்கார வைத்தார். கதவு மூடுமுன் பார்த்தேன், ஈர மண்ணில் விரலால் ஏதோ போட்டுக்கொண்டிருந்தான். மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கி. பிறகு கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

வகுப்புக்குத் திரும்பினேன். இரண்டு கட்டம் பாக்கி. வியாழன் அறிவியல்: பதினொன்றுக்குப் பத்து. வெள்ளி தமிழ்: பதினொன்றுக்கு ஒன்பது. அவன் பெயருக்கு நேரே இந்த வாரத்துக்கான அடைவுநிலையையும் எழுத வேண்டும். 'அடைவுநி' வரை ஒழுங்காகப் போன பேனா, அடுத்த எழுத்துக்குத் தானாகத் தும்பிக்கையைத் தூக்கிவிட்டது. பேனாவாக இருப்பதால் அழிக்கவும் வழியில்லை. பக்கத்தில் 1 என்று போட்டுவிட்டு மின்விசிறியை அணைத்தேன்.